ஐந்து வருடத்துக்கு ஒரே வரி

2020 மே 9 அன்று அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் இறந்தார். ஒலிபரப்புக்காக அவசரமாக நான் எழுதிய எட்டு நிமிட அஞ்சலித் தொகுப்பில், 1957 முதல் 1962 வரையிலான காலத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. புகழின் உச்சியில் பாட்டை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போனார், பிறகு திரும்பி வந்தார். அவ்வளவுதான்.

எடிட்டிங்கை முடித்த அண்ணன் ஃபோனில் கேட்டார்: “அஞ்சு வருஷத்தை இப்படித் தாண்டிட்டீங்களே தம்பி. அந்த மனுஷன் கடைசிவரைக்கும் அதைத் தாண்டலையே.”

“எட்டு நிமிஷம்தானே அண்ணே. கேக்குறவங்களுக்கு அவரோட பாட்டுதான் தெரியும்.”

“சரி” என்றார். தொகுப்பு அப்படியே ஒலிபரப்பானது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் ‘சரி’ எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இறந்தது ஏன் செய்தியாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்து மேக்கனில் பிறந்து, அங்கே பேருந்து நிலையத்தில் தட்டு கழுவிய பையன் 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் போகிறான். காஸிமோ மடாஸாவின் ஸ்டுடியோவில் பதிவு எதுவும் சரியாக அமையவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்து விடுதிப் பியானோவில் உட்கார்ந்து, மேடையில் பாடும் ஒரு கொச்சைப் பாட்டை ஓங்கி அடித்துப் பாடுகிறான். தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் நிமிர்ந்து உட்காருகிறார். டோரத்தி லபோஸ்ட்ரி என்ற பெண்ணை அழைத்து வரிகளைச் சுத்தம் செய்ய வைத்து, மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் பதிவு செய்கிறார்கள். ‘டூட்டி ஃப்ரூட்டி’ அப்படித்தான் பிறந்தது. எல்விஸ் அதைப் பாடினார். பீட்டில்ஸ் இவரைப் பார்த்து வளர்ந்தார்கள். இதைச் சொல்லாமல் இறையியல் கல்லூரியைப் பற்றிப் பேசுவது எப்படி? அன்றைக்கு அதைத்தான் நினைத்தேன். இன்றும் பெரும்பாலும் அதையேதான் நினைக்கிறேன்.

ஆனால் அண்ணனோடு பேசிய பிறகு, அந்தப் பாட்டில் உச்சத்துக்குப் போய் ‘ஊ’ என்று கூவும் இடத்தை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். பீட்டில்ஸில் ஒருவரான பால் மெக்கார்ட்னி தன் பாட்டுகளுக்கு எடுத்துக்கொண்ட கூவல் அது. ரிச்சர்டோ அதை மேரியன் வில்லியம்ஸ் என்ற காஸ்பெல், அதாவது கிறிஸ்தவப் பக்திப் பாட்டுப் பாடகியிடமிருந்து எடுத்துக்கொண்டவர். ஆக, உலகம் ராக் அண்ட் ரோல் என்று கொண்டாடிய சத்தமே திருச்சபையிலிருந்து வந்திருக்கிறது. அவர் வீடும் அப்படித்தான். அப்பா சபையில் டீக்கன், அதாவது ஊழியப் பொறுப்பில் இருந்தவர். அவரே கள்ளச்சாராயமும் விற்றார், கிளப்பும் நடத்தினார். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த வீட்டில் வளர்ந்தவரைப் பற்றி, ‘விட்டுப் போனார், திரும்பி வந்தார்’ என்று எழுதினால் எங்கிருந்து எங்கே?

1957 அக்டோபரில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம். சிட்னியில் திறந்தவெளி மேடையிலிருந்து வானத்தில் ஒரு நெருப்புக் கோளம் போவதைப் பார்த்தார். சில நாள் முன்புதான் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியிருந்தது. பார்த்தது அதைத்தான் என்று அவரே பின்னால் சொன்னார். ஆனால் அந்த இரவில் அது அவருக்குக் கடவுளின் எச்சரிக்கை. விலையுயர்ந்த மோதிரத்தைக் கழற்றித் தண்ணீரில் வீசினார். சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்பினார். அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரத்து ஓக்வுட் கல்லூரியில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரிடம் படிக்கச் சேர்ந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்துக்காகக் குவின்சி ஜோன்ஸின் இசையமைப்பில் அவர் பாடிய காஸ்பெல் பாட்டுகளை அண்ணன் எனக்கு அனுப்பினார். குரல் அதேதான். கூவ வேண்டிய இடத்தில் கூவாமல் அடக்கி நிறுத்துகிறார். அடக்குவது காதில் விழுகிறது.

1962 அக்டோபரில் இங்கிலாந்தில் டான்காஸ்டர் நகரம். முதல் காட்சியில் காஸ்பெல் பாடினார், அரங்கம் அசையவில்லை. அடுத்த காட்சியில் உடன் வந்த பாடகர் சாம் குக் பாடிக் கைதட்டலை அள்ளினார். அதன் பிறகு ரிச்சர்ட் பழைய ராக் பாட்டுகளுக்குத் திரும்பினார், கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தானாகத்தான் திரும்பினார் என்று என் வரிக்கு ஆதரவாகச் சொல்லிக்கொள்வேன். அப்புறம் 1977 நினைவுக்கு வரும். அந்த வருடம் மறுபடி எல்லாவற்றையும் விட்டுப் பிரசங்கியானார், பைபிள் விற்றார். எண்பதுகளில் மறுபடி பாட வந்தார். ஒரு வரியில் ஒரு தடவை திரும்பி வருபவராக நான் அவரை முடித்து வைத்தேன். அவரோ முடிக்காமலே வாழ்ந்தவர்.

அண்ணன் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும் வாசிக்கிறார். காரணம் கேட்டதில்லை. முதலில், அவர் தன் விசுவாசத்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று ஒதுக்கினேன். அப்படியானால் நான் தாளத்தின் பக்கம் நின்று வெட்டியதும் ஒரு பக்கச் சாய்வுதானே? இறந்தவர் தேர்ந்தெடுக்காததை அவருக்காகத் தேர்ந்தெடுக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றும். தேர்ந்தெடுப்பதற்குத்தானே சம்பளம் என்றும் தோன்றும். இறந்த அந்த மாதமே ரிச்சர்டை ஹன்ட்ஸ்வில்லில், அதே ஓக்வுட் கல்லறையில் அடக்கம் செய்த செய்தியை அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தார், கூடவே ஒரு சொல்லும் எழுதாமல்.

நாங்கள் இருவருமே அன்று தொடாத ஒன்று உண்டு. ஒருபாலீர்ப்பு உள்ளவன் என்று தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னவர், 2017ல் ஒரு கிறிஸ்தவத் தொலைக்காட்சிப் பேட்டியில் அதையே கண்டித்தார். அவரைப் பார்த்துத் தைரியம் பெற்றவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்! விசுவாசத்துக்கு இடம் கொடுத்தால் இதையும் சொல்லியாக வேண்டும் என்று பிறகு ஒருநாள் அண்ணனிடம் சொன்னேன். “சொல்லத்தான் வேணும்” என்றார், தயங்காமல். தயங்கியது நான்தான். இறந்த அன்றே அதை ஒலிபரப்ப எனக்கு மனம் வந்திருக்காது.

மறுபடி அந்தத் தொகுப்பு கைக்கு வந்தால் பீட்டில்ஸைக் குறைத்து டான்காஸ்டருக்கு இரண்டு நிமிடம் தருவேன். கடைசியில் மெர்குரி பதிவு ஒலிக்க வேண்டும் என்கிறார் அண்ணன். 1955 பாட்டுதான் என்கிறேன் நான். அதில் மட்டும் இருவரும் இன்னும் இறங்கி வரவில்லை.