பல்லவி எங்கே போச்சு?

2010 மார்ச் 10, புதன்

அமெரிக்க இசைக்குழு எம்ஜிஎம்டியின் புதுப் பாட்டு நேற்று வந்துவிட்டது. காசு வேண்டாம், இறக்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களே கொடுத்துவிட்டார்கள். பெயர் ‘ஃப்ளாஷ் டெலிரியம்’. நாலேகால் நிமிடம்தான், ஆனால் அதற்குள் நாலைந்து பாட்டு இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல மெதுவாகத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் ஐம்பதுகளின் குழுப்பாடல் பாணிக்குத் தாவுகிறது. நடுவில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு புல்லாங்குழல். கடைசியில் ஒரே கூச்சல். எது பல்லவி, எது சரணம் என்று பிடிபடுவதற்குள் முடிந்துபோகிறது.

அறை நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு வருஷமாக அவர்களின் பழைய ஹிட் ‘கிட்ஸ்’ பாட்டைத்தான் ரிங்டோனாக வைத்திருக்கிறான். பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “என்னடா இது, யாரோ ரேடியோவுல ஸ்டேஷன் மாத்திக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு” என்றான். குறையாகத்தான் சொன்னான். எனக்கு அந்த ஸ்டேஷன் மாற்றம்தான் பிடித்திருந்தது.

2010 மார்ச் 13, சனி

அவனோடு நேற்று இரவு நீண்ட வாக்குவாதம். பழைய எம்ஜிஎம்டி வேண்டும் என்கிறான். எது பழைய எம்ஜிஎம்டி என்று கேட்டால் மூன்று பாட்டின் பெயரைச் சொல்கிறான்: ‘டைம் டு ப்ரிட்டெண்ட்’, ‘எலெக்ட்ரிக் ஃபீல்’, ‘கிட்ஸ்’. மூன்றும் நல்ல பாட்டுகள், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆல்பமான ‘ஆரக்குலர் ஸ்பெக்டாகுலர்’ மூன்று பாட்டோடு முடிந்துவிடவில்லை. அதன் பிற்பாதியில் ‘ஃபோர்த் டைமென்ஷனல் டிரான்சிஷன்’, ‘ஆஃப் மூன்ஸ், பேர்ட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்று இருப்பவையெல்லாம் அப்போதே கிறுக்குப் பாட்டுகள்தான். அதுவரைக்கும் அவன் போனதே இல்லை. நிறையப் பேர் போயிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எம்ஜிஎம்டி என்றால் இரண்டு பேர். ஆண்ட்ரூ வான்விங்கார்டனும் பென் கோல்ட்வாசரும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சேர்ந்தவர்கள். ‘டைம் டு ப்ரிட்டெண்ட்’ 2005இலேயே ஒரு சின்ன வெளியீட்டில் வந்த பாட்டு. பெரிய ராக் நட்சத்திரமாகிவிட்டால் பாரிஸ், மாடல் அழகிகள், போதை, அற்பாயுள் என்று மாணவப் பருவத்தில் அடித்த கேலி. அந்தக் கேலிதான் அவர்களை நட்சத்திரமாக்கியது. கிண்டல் பலித்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? பிரான்ஸில் அதிபர் சர்கோசியின் கட்சி கேட்காமல் கொள்ளாமல் ‘கிட்ஸ்’ பாட்டைக் கூட்டத்தில் போட்டு, விவகாரமாகி, கடைசியில் 30,000 யூரோ கொடுத்துச் சமாதானம் ஆகும் அளவுக்குப் போய்விட்டது. இந்த ஜனவரியில் கிராமியில் சிறந்த புதுமுகம் பிரிவிலும் பெயர் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, “அடுத்ததில் ‘கிட்ஸ்’ மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள்” என்கிற தொனியில் இருவரும் பேட்டிகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எச்சரிக்கையா, விளம்பரமா? இரண்டும்தான்.

2010 மார்ச் 22, திங்கள்

ஆல்பம் கசிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது வெளியீட்டுக்கு. கோபப்படுவதற்குப் பதிலாக, எங்களிடமிருந்தே கேளுங்கள் என்று முழு ஆல்பத்தையும் தங்கள் தளத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். இலவசமாகவே கொடுக்கத்தான் ஆசைப்பட்டார்களாம், மற்ற யாருக்கும் அது சரியாகப் படவில்லையாம்.

‘கங்கிராஜுலேஷன்ஸ்’. ஒன்பது பாட்டு. முதல் தடவை கேட்டு முடித்ததும் எதுவும் நினைவில் நிற்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், நிற்கவில்லை, அவ்வளவுதான்.

2010 மார்ச் 25, வியாழன்

‘இட்ஸ் வொர்க்கிங்’ பிடித்துக்கொண்டது. அறுபதுகளின் கலிஃபோர்னியக் கடற்கரை கிதார், அதன் மேல் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய ஐரோப்பிய விசைக்கருவி மாதிரி ஒரு ஒலி, பின்னால் அடுக்கடுக்காகக் குரல்கள். டிரம்ஸ் தறிகெட்டு ஓடப் பார்க்கிறது, பாட்டு அதை விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, இசைக்குழு என்ற முறையில் இது முதல் ஆல்பத்தைவிடப் பெரிய ஒலி. அது பெரும்பாலும் இரண்டு பேரும் சிந்தசைசரும் சேர்ந்து செய்தது. இதில் மேடையில் கூட வாசிக்கும் மூவரும் சேர்ந்துகொண்டு ஐந்து பேர் வாசிக்கிறார்கள்.

தயாரிப்பில் கூட இருந்தவர் சோனிக் பூம். நிஜப் பெயர் பீட் கெம்பர், ஸ்பேஸ்மென் 3 குழுவில் இருந்தவர். ஒரே சுரத்தை விடாமல் நீட்டிக்கொண்டே போய் மயக்கம் வரவைப்பது அந்தக் குழுவின் வழி. அவரைக் கூப்பிட்டார்கள் என்றாலே வானொலியில் ஓடவேண்டும் என்ற கவலை இல்லை என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒலிக்கலவை முதல் ஆல்பத்தைத் தயாரித்த அதே டேவ் ஃப்ரிட்மன். பாலத்தை முழுசாக எரித்துவிடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

2010 ஏப்ரல் 14, புதன்

நேற்று அமெரிக்காவில் முறைப்படி வெளியீடு. அட்டையில் ஆந்தனி ஆஸ்காங் வரைந்த இரட்டைத் தலைப் பூனை ஒன்று அலைச்சறுக்குப் பலகையில் போகிறது, அதை விழுங்க வரும் அலையும் ஒரு பூனைதான். கண்ணைக் குத்தும் நிறங்கள். நண்பன் அட்டையைப் பார்த்துவிட்டு, “இவனுங்க நம்மள வெரட்டுறாங்கடா” என்றான். அட்டை விஷயத்தில் அவன் பக்கம் சாய்கிறேன்.

விமர்சனங்கள் கொட்டுகின்றன. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 6.8 கொடுத்திருக்கிறது. பாஸ் மார்க்கும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்கிற மாதிரி ஒரு எண். மற்ற இடங்களில் ஒரு கூட்டம் ‘துணிச்சல்’ என்கிறது, இன்னொரு கூட்டம் ‘தன்னைத்தானே கெடுத்துக்கொள்வது’ என்கிறது. எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் எரிச்சல். துணிச்சல் காதில் விழாது. ஹிட் பாட்டு போடமாட்டேன் என்று ஒருவர் முடிவெடுப்பது அவர் சுபாவத்தைப் பற்றிய செய்தி. அந்த முடிவுக்குப் பின் போட்ட பாட்டு எப்படி என்பதுதான் கேள்வி. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கள் குறைவு. துரோகம் என்று குமுறுபவர்களும் அப்படித்தான், கேட்டதைப் பற்றி அல்ல, கிடைக்காததைப் பற்றியே பேசுகிறார்கள்.

2010 ஏப்ரல் 17, சனி

சரி, பாட்டைப் பற்றி நானாவது எழுதுகிறேன்.

‘சாங் ஃபார் டான் ட்ரேசி’: இது எனக்கு ஒரு சின்னப் புதையல். ட்ரேசி, டெலிவிஷன் பெர்சனாலிட்டீஸ் என்ற லண்டன் குழுவின் ஆள். அவர் ஒரு காலத்தில் பிங்க் ஃப்ளாய்டிலிருந்து விலகி ஒதுங்கிப்போன சிட் பாரெட்டைப் பற்றிப் பாட்டுப் போட்டவர். இப்போது இவர்கள் ட்ரேசியைப் பற்றிப் போடுகிறார்கள். ரசிகன் ரசிகனுக்குக் கைமாற்றிக்கொடுத்தபடி வருகிறது. பாட்டும் துள்ளலாக இருக்கிறது, பாடத் தோன்றுகிறது. ஹிட் இல்லை என்கிறவர்கள் இதைக் கேட்டார்களா?

‘பிரையன் ஈனோ’: இங்கிலாந்து இசைக்கலைஞர், தயாரிப்பாளர் ஈனோவைப் பற்றியது. குருவைப் பார்த்து நடுங்கும் சீடனின் வேடிக்கை. வேகம், கூத்து, முடிந்தது. ஆழம் தேடவேண்டாம்.

‘ஐ ஃபவுண்ட் எ விசில்’: அழகு. மெலிசு.

‘லேடி டாடாஸ் நைட்மேர்’: பாடல்வரி இல்லாத வெறும் இசை. லேடி காகா காலத்தில் அப்படி ஒரு தலைப்பு வைத்ததில்தான் மொத்த நகைச்சுவையும் இருக்கிறது. பின்னால் அலறல் சத்தம் வேறு. ஆல்பத்தை ஆதரித்து யார் வாதாடினாலும் இந்த இடத்தில் வாய் மூடிக்கொள்வது நல்லது. நான் மூடிக்கொள்கிறேன்.

கடைசிப் பாட்டு, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய ‘கங்கிராஜுலேஷன்ஸ்’. சோம்பலான அகூஸ்டிக் கிதார், களைத்துப்போன குரல். ஐந்து வருஷத்துக்கு முன் அடித்த கேலிக்கு இதுதான் பதில். அந்தப் புகழ் வந்தது, பார்த்தாயிற்று, வாழ்த்துகள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்கிறது. அரங்கம் அதிரும் கைதட்டல் இல்லை, ஏழெட்டுப் பேர் மரியாதைக்குத் தட்டுவதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக. இந்த ஆல்பத்துக்கு எந்த மாதிரி வரவேற்பு கிடைக்கும் என்பதை ஆல்பத்துக்குள்ளேயே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். குசும்பு.

2010 ஏப்ரல் 22, வியாழன்

அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டில் 2ஆம் இடம். முதல் வாரத்தில் 66,000 பிரதிகள். திட்டுகிறவர்களும் வாங்கித்தான் திட்டியிருக்கிறார்கள் போல. அடுத்த வாரங்களில் நிற்குமா என்பது வேறு.

2010 ஏப்ரல் 26, திங்கள்

சனிக்கிழமை ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் வாசித்திருக்கிறார்கள். ‘ஃப்ளாஷ் டெலிரியம்’ பார்த்தேன். தொலைக்காட்சி மேடையில் அந்தப் பாட்டு பரிதாபம். ஸ்டுடியோவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சத்தம், ஐந்து பேர் நின்று வாசிக்கும்போது அங்கங்கே எலும்பு தெரிகிறது. முகத்தில் சந்தோஷமும் இல்லை. முதல் தடவை இந்தப் பாட்டைக் கேட்பவர் அங்கேயே சேனலை மாற்றியிருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. புது ஆல்பத்தை விற்க இந்தப் பாட்டை முதலில் அனுப்பியதே எனக்குப் புரியாத கணக்கு. ‘இட்ஸ் வொர்க்கிங்’ வந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. ஒருவேளை சண்டை நடக்கட்டும் என்றுதான் அனுப்பினார்களோ என்னவோ.

2010 மே 16, ஞாயிறு

இவ்வளவு நாளும் ‘சைபீரியன் பிரேக்ஸ்’ பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு நிமிடப் பாட்டு. அவசரத்தில் கேட்கக்கூடியது இல்லை.

கதை என்று பார்த்தால், ரஷ்யாவின் வடகோடிப் பனிக்கடலில் அலைச்சறுக்கு போவதாம். கலிஃபோர்னியக் கடற்கரை ஊரான மாலிபூவில் பதிவு நடந்தபோது வான்விங்கார்டனுக்கு அலைச்சறுக்குப் பித்து பிடித்திருந்தது, அதன் விளைவு. வரியை விடுங்கள். தொடக்கம் எழுபதுகளின் மென்மையான நாட்டுப்புறப் பாணி: கிதார், இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று உரசாமல் போகின்றன. காது அங்கே உட்கார்ந்துகொள்ளும் நேரம் பார்த்து மெட்டு மாறுகிறது. மாறியது பிடிக்க ஆரம்பித்ததும் அதுவும் போய்விடுகிறது. இப்படி ஒன்றையடுத்து ஒன்று. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, பல்லவியை மூன்று தடவை பாடவைத்திருந்தால் நான்கு நல்ல மூன்று நிமிடப் பாட்டு கிடைத்திருக்கும். கடைசியில் குரலே இல்லை, சிந்தசைசர் மட்டும் மினுக்கிக்கொண்டு போகிறது. முதல் ஆல்பத்து ஆட்கள்தான் இவர்கள் என்று அந்த இடத்தில் திடீரென்று தெரிகிறது.

நண்பனின் புகாரின் வேர் இங்கேதான் இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. இந்த ஆல்பத்தில் மெட்டுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம், திரும்பி வருவதற்குத்தான். பாப் பாட்டில் பல்லவி திரும்ப வரும்போது, முன்பே தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதைத்தான் எடுத்துவிட்டார்கள். திரும்ப வரவைக்கும் வேலையைக் கேட்பவன் தலையில் கட்டிவிட்டார்கள்: பாட்டு திரும்பாது, நீதான் மறுபடி முதலிலிருந்து கேட்கவேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இருந்தது. இருக்கவேண்டும் என்று யாருக்கும் சட்டமில்லை.

இதைச் சொன்னேன். “அப்போ ஹோம்வொர்க்னு சொல்லு” என்றான். ‘சைபீரியன் பிரேக்ஸ்’ தொடக்கத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னான், முதல் மூன்று நிமிடம். அப்புறம் நிறுத்தச் சொன்னான்.

2013 செப்டம்பர் 20, வெள்ளி

நீண்ட இடைவெளி. மூன்றாவது ஆல்பம் இந்த வாரம் வந்தது, பெயரும் ‘எம்ஜிஎம்டி’தான். தயாரிப்புக்கு மறுபடி டேவ் ஃப்ரிட்மன். ‘ஏலியன் டேஸ்’ நல்ல பாட்டு, அதை இங்கே தினமும் போடுகிறேன். மற்றபடி பிற்பாதி முழுக்க இழுவை. இரண்டாவதில் மெட்டுகள் குவிந்துகிடந்தன, அடுக்கிய விதம்தான் வழக்கமாக இல்லை. இதில் அடுக்க மெட்டே போதவில்லை, ஒலி மட்டும் நிறைய இருக்கிறது.

நண்பன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். நேற்று ஃபோன் போட்டு, “டேய், இதுக்கு அந்தப் பூனை ஆல்பமே தேவலாம்டா” என்றான். மூன்று வருஷத்துக்கு முன் அவன் பேசிய பேச்சை ஞாபகப்படுத்தினேன். தான் எப்போதும் அதை நல்ல ஆல்பம் என்றுதான் சொன்னதாகச் சாதிக்கிறான். ‘சாங் ஃபார் டான் ட்ரேசி’ அவன் ஃபோனில் இருக்கிறதாம். ‘லேடி டாடாஸ் நைட்மேர்’ வந்தால் மட்டும் தாண்டிவிடுகிறானாம். நானும்தான்.