தம்பிக்காகப் போன கூட்டம்

வலங்கைமான் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரைத் தம்பிதான் பார்க்கிறான். போன தை மாதம் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறிய நாலாம் நாளே பாதிக்கு மேல் குடியில் போய்விட்டது. பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து ஓடினேன், கூட்டுறவுக் கடனைக் கட்ட என் வளையலை அடகு வைத்தேன். மூன்றாவது முறை.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் மனைவியும் நானும் சேர்ந்து அவனை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம், மூன்று நாள் குடிக்காமல் இருந்தால் விட்டுவிடுவான் என்ற நினைப்பில். முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. அப்புறம் ஆஸ்பத்திரியில், சுவரெல்லாம் பூச்சி ஓடுது என்று கத்திக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தான். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கே சொன்னபோது எனக்குக் கால் நிற்கவில்லை. தயவுசெய்து யாரையும் இப்படிப் பூட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற அம்மாதான் அல்-அனான் பற்றிச் சொன்னார். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் இருக்கிற மாதிரி, இது அவர்கள் வீட்டாருக்கு. ஏஏவைத் தொடங்கியவர்களில் ஒருவருடைய மனைவியே 1951-ல் அமெரிக்காவில் இதை ஆரம்பித்தவர்களில் ஒருவராம். ஒரு கூட்டத்தோடு நிறுத்தாமல் ஆறு கூட்டமாவது வந்து பாருங்கள் என்றார்.

கும்பகோணத்தில் ஒரு சின்ன ஹால், பதினோரு பேர், அதில் இரண்டு ஆண்கள். கட்டணம் கிடையாது, முடிந்ததைப் போட ஒரு துணிப்பை சுற்றி வரும். பெயரைச் சொன்னால் போதும், ஊர் சாதி எதுவும் கேட்பதில்லை, அங்கே கேட்டதை வெளியே பேசவும் கூடாது. என் முறை வந்ததும் "அவனை எப்படிங்க நிறுத்துறது?" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான் முடித்ததும் அடுத்தவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அறிவுரை சொல்வதில்லை, அவரவர் பட்டதை மட்டும் பேசுவது என்பது அங்கே வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு வயசான அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். வளையல் கிடந்த இடம் வெளுத்திருந்தது. "எத்தனாவது தடவைம்மா?" என்றார். சொன்னேன். "நான் தாலிக்கொடி வரைக்கும் போனவ" என்றார், அவ்வளவுதான். கையை மட்டும் விடவில்லை.

அந்தக் கை இல்லையென்றால் இரண்டாவது கூட்டத்துக்குப் போயிருக்கமாட்டேன்.

அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது மூன்று விஷயம்: இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. முதலாவதை நம்பவே எனக்கு நாலு மாசம் ஆனது. அம்மா போனபிறகு அவனைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அது எனக்குள் ஊறிக் கிடந்தது.

இப்போது அவன் கடனை நான் அடைப்பதில்லை. பிள்ளைகளுடைய ஃபீஸை நேராகப் பள்ளிக்கூடத்தில் கட்டுகிறேன். வேலைக்கு ஆள் வந்து நின்றால் "அவருக்குக் காய்ச்சல்" என்று தம்பி மனைவி பொய் சொல்வதில்லை. இதற்கு "கூடப் பிறந்தவளா நீ?" என்று சித்தப்பா கேட்டார், இன்றைக்கும் பேசுவதில்லை, வலிக்கத்தான் செய்கிறது. ஒன்று சொல்லவேண்டும், அடி உதை இருக்கிற வீட்டில் கூட்டம் மட்டும் போதாது, பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. சிகிச்சைக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குக் காசில்லாமல் பேசலாம்.

தம்பி சிகிச்சை முடித்து வந்தான், தீபாவளிக்கு மறுபடி குடித்தான், திரும்பவும் சேர்ந்தான். இப்போது இரண்டு மாசமாகக் குடிக்கவில்லை. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருக்கும்போது அவனிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். முன்பாக இருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்பேன். புதிதாக வந்த ஒரு பெண் கதவோரம் குழந்தையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், அவள் முடிக்கும்வரை இருந்து, டீயும் குடித்துவிட்டுக் கூப்பிட்டேன். அம்மா திதி எந்தத் தேதியில் வருது என்று கேட்கத்தான் போன் பண்ணியிருந்தானாம்.