அந்தக் கையை அழிச்சிடாதீங்க

நான் ரொம்ப வருஷம் ஸ்டூடியோல டச்சப் வேலை பார்த்தவன். பாஸ்போர்ட் படத்துல பரு எடுக்கிறது, பழைய படத்துல மடிப்புக் கோடு எடுக்கிறது, இறந்துபோனவங்களை குரூப் போட்டோல இருந்து தனியா வெட்டி மாலை போடுற அளவுக்குப் பெருசாக்கிக் கொடுக்கிறது, இதான் பொழப்பு. அப்படி வெட்டும்போது பல படத்துல தோள் மேல ஒரு கை மட்டும் மிச்சம் நிக்கும், பக்கத்துல நின்ன ஃப்ரெண்டோட கை. "அதை எடுத்துருங்க சார்"ம்பாங்க, நானும் எடுத்துருவேன். எத்தனை கைய அப்படி அழிச்சிருப்பேன்னு இப்ப நினைச்சா மனசு என்னமோ பண்ணுது.

ஏன் இப்ப இந்த நினைப்புன்னா, ரெண்டு வாரமா ராத்திரி உக்காந்து அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து சிப்பாய்ங்க படங்களை சுத்தம் பண்ணிட்டு இருக்கேன். அமெரிக்காவோட தேசிய நூலகம் மாதிரியான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல லில்ஜென்க்விஸ்ட் குடும்பம் கொடுத்த கலெக்‌ஷன் ஒண்ணு இருக்கு, பெரிய சைஸ் ஸ்கேனாவே இறக்கிக்கலாம். அதுல நிறைய டின்டைப். பேருதான் டின், ஆனா தகரம் கிடையாது, கருப்பு வார்னிஷ் பூசின மெல்லிசு இரும்புத் தகடு, 1856ல அமெரிக்காவுல ஹாமில்டன் ஸ்மித் பேட்டன்ட் வாங்கினது. நெகட்டிவ் கிடையாது, தகடே படம், கொஞ்ச நேரத்துல கைல கொடுத்துருவாங்க, விலையும் கம்மி, அதனால சாதாரண சிப்பாயும் விவசாயியும் ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போய் உக்காந்துட்டாங்க. இரும்புங்கிறதால வார்னிஷ் உரிஞ்ச இடத்துல துரு ஏறும், தகடு லேசா வளைஞ்சாலே மேல இருக்கிற படலம் செதில் செதிலா விழும். இடது வலதா மாறியிருக்கும், அதனால இவனோட இடது கை அவன் மடியிலன்னு சொல்றதுக்கு முன்னாடி கோட்டு பட்டன் எந்தப் பக்கம்னு பார்த்துக்கணும்.

முதல்ல பண்ணின படத்துல ரெண்டு பசங்க பக்கத்துப் பக்கத்து நாற்காலி, விரல்ல விரல் கோத்து நடுவுல வச்சிருக்காங்க, அந்த இடத்துலயே ஒரு கீறல். சோம்பேறித்தனமா ஏஐ டூல்ல போட்டேன், முகம் பளபளன்னு வந்துச்சு, ஆனா ரெண்டு கையும் சேர்ந்து ஒரு மாவு உருண்டை ஆயிடுச்சு. திரும்பப் போட்டா ஒருத்தன் கையே காணோம், அந்த இடத்துல கோட்டுத் துணி. எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. 160 வருஷம் துருவுக்கும் கீறலுக்கும் தப்பிச்சு வந்த கை அது.

அப்புறம் பிக்சல் பிக்சலா கையாலதான் பண்ணினேன், ரெண்டு விரலுக்கு மட்டும் மூணு நாள்.

அப்படி வேலை பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சுது. அந்தக் காலத்து ஸ்டூடியோல சில செகண்டாவது ஆடாம இருக்கணும், அதுக்குத் தலைக்குப் பின்னாடி இரும்பு ஸ்டாண்ட் வைப்பாங்க, பூட்ஸுக்குப் பின்னாடி அதோட அடிக்கட்டை எட்டிப் பார்க்கும், ஒரு படத்துல நான் கறைன்னு நினைச்சு அழிக்கப் போயிட்டேன். ஆடாம இருக்கத்தான் சாஞ்சுக்கிட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க, தோள்ல சாயறதுக்கு அது சரி. விரல் கோத்தா ஆட்டம் நிக்குமா என்ன? மடியில உக்கார்றது, கன்னத்தோட கன்னம் வச்சுக்கிறது, இதெல்லாம் அவங்க விரும்பிப் பண்ணினது.

நம்ம பஸ் ஸ்டாண்ட்ல ரெண்டு பசங்க சுண்டு விரல் பிடிச்சு நடந்தா நமக்கு ஒண்ணும் தோணாது இல்லையா, அங்கேயும் அப்ப அப்படித்தான். லிங்கன் 1837ல ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தப்ப நண்பர் ஜோஷுவா ஸ்பீடோட கடைக்கு மேல இருந்த அறையில ஒரே கட்டில்ல கிட்டத்தட்ட நாலு வருஷம் படுத்திருக்கார், அந்தக் காலத்துல அது சாதாரணம். "ஹோமோசெக்‌ஷுவல்"ங்கிற வார்த்தையையே கெர்ட்பெனிங்கிற எழுத்தாளர் 1869லதான் அச்சுல கொண்டு வர்றார். 1895ல எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் ஆண்களோட இருந்த உறவுக்காக ஜெயிலுக்குப் போறார். அப்புறம் 20ஆம் நூற்றாண்டு போகப் போக படங்கள்ல ஆம்பளைங்களுக்கு நடுவுல இடைவெளி விழ ஆரம்பிக்குது, கை பாக்கெட்டுக்குள்ள போயிடுது.

இந்தப் படங்களை ஷேர் பண்றவங்க ரெண்டு கட்சியா நிக்கிறாங்க, ஒரு பக்கம் எல்லாருமே காதலர்கள்னு, இன்னொரு பக்கம் சும்மா நண்பர்கள்தான் கற்பனை பண்ணாதீங்கன்னு. ரெண்டு பேருமே அவசரப்படுறாங்கன்னு நினைக்கிறேன். சிலர் நிச்சயமா காதலிச்சிருப்பாங்க, அதை மறைக்கிறது அவங்களை ரெண்டாவது தடவை மறைக்கிறது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனும் அவரோட நெருக்கமான பீட்டர் டாயலும் 1869 வாக்குல வாஷிங்டன்ல எடுத்த படத்துல கேமராவைப் பார்க்கல, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. டாயல் குதிரை டிராம்ல கண்டக்டர், 1865ல ஒரு புயல் ராத்திரி வண்டியில விட்மன் மட்டும்தான் பயணி, பக்கத்துல போய் முழங்கால்ல கை வச்சேன், புரிஞ்சுக்கிட்டோம்னு டாயலே பின்னாடி சொல்லியிருக்கார், அந்த ராத்திரி விட்மன் இறங்க வேண்டிய இடத்துல இறங்கவே இல்லையாம்.

ஆனா பக்கத்துல உக்காந்திருந்தா தோழமைன்னும் எழுதிட முடியாது. அதே கலெக்‌ஷன்ல ஆண்ட்ரூ சாண்ட்லர், சைலஸ் சாண்ட்லர் படம் இருக்கு. ஒரு வெள்ளைக்காரர், ஒரு கறுப்பர், ரெண்டு பேரும் கான்ஃபெடரேட் உடுப்புல (அடிமை முறையைக் காப்பாத்தப் பிரிஞ்ச தெற்கு மாநிலங்களோட படை), கைல ஆயுதத்தோட, தோளோட தோள் ஒட்டி. கூட வளர்ந்து கூட சண்டை போட்ட நண்பர்கள்னு ரொம்ப நாள் கதை ஓடுச்சு. உண்மையில சைலஸ் அந்தக் குடும்பத்தோட அடிமை, எஜமானுக்குப் பணிவிடை செய்யக் கூட்டிட்டுப் போனது. அந்தப் படத்தை நான் தொடல. அதுல சைலஸ் முகத்தை பளபளன்னு ஆக்கி ஒரு நட்புக் கதைக்கு உதவி பண்ண எனக்கு இஷ்டமில்ல.

கலர் போடுறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அந்தத் தகட்டுல படம் பதியறதுக்குப் பூசின கொலோடியன் படலம் நீலத்தை வெள்ளையா எடுக்கும், சிவப்பையும் மஞ்சளையும் கருப்பாக்கும். நீலக் கண்ணு பேய் மாதிரி வெளிறித் தெரியும், வெயில்ல கறுத்த முகத்துல புள்ளிப் புள்ளியா விழும், அதைப் பார்த்து டூல் போடுற தோல் நிறம் வெறும் ஊகம். கன்னத்துல லேசா ரோஸ், பட்டன்ல தங்கம்னு அப்பவே ஸ்டூடியோக்காரன் தொட்டு வச்ச பொடி இருந்தா அதை மட்டும் அழிக்காதீங்க, அவங்க ஆசைப்பட்டுப் போட்டுக்கிட்டது அது.

இப்ப ஸ்கிரீன்ல இருக்கிறது யூனியன், அதாவது வடக்குப் படை சிப்பாய்ங்க ரெண்டு பேர், பேரு தெரியாதுன்னே பதிஞ்சிருக்கு. இவன் சுருட்டை அவன் வாயில பிடிச்சிருக்கான், அவன் சுருட்டை இவன் வாயில. ஓரத்துல இருக்கிற கறையை எடுக்கலாமான்னு யோசிச்சேன், அப்படியே விட்டுட்டேன், மணிக்கட்டுக்கிட்ட மட்டும் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு.