ஸ்கிரீனை இழுக்க ஓர் ஆம்பியர் போதாதா?

தம்பி லீவில் வந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று தானாக இயங்க ஆரம்பித்துவிடும் என்பது தெரிந்த கதைதான். இந்தத் தடவை சிக்கியது ஹாலின் பெரிய ஜன்னல் ஸ்கிரீன். அப்பா முட்டி வலியோடு எழுந்து போய் இழுக்க வேண்டாமாம், உட்கார்ந்த இடத்தில் பட்டனை அழுத்தினால் போதுமாம். நல்ல எண்ணம்தான். அவன் எண்ணம் என்றைக்குமே நல்லதுதான், வயரிங்தான் இடிக்கும்.

கியர் வைத்த சின்ன மோட்டார். 12 வோல்ட், நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எத்தனை ஆம்பியர், அதாவது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று மட்டும் ஒரு எழுத்துக் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பேரை விட்டுவிட்டு அச்சடித்த மாதிரி.

அடுத்தது அப்பாவின் அடாப்டர் பை. சாமான் செத்துப்போனாலும் அதன் அடாப்டரைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. கொட்டிப் பார்த்தால் 5 வோல்ட், 9 வோல்ட், சொந்தக்காரன் யாரென்றே தெரியாத 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர். 12 மட்டும் இல்லை. வீட்டிலேயே 12 வோல்ட் அடாப்டர் ஒன்றே ஒன்று உண்டு, அது மோடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் மீட்டிங்கில் பாதி வாக்கியம் பேசியிருப்பேன், நெட் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் அடாப்டர் அவன் கையில். "ரெண்டே நிமிஷம்க்கா."

12 வோல்ட், 1 ஆம்பியர். கொடுத்தான். மோட்டார் ஒரு துடி துடித்து நின்றது. அரை விநாடி கழித்து மறுபடி ஒரு துடிப்பு. டிக். டிக். டிக். "மோட்டார் டெட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. தாங்காத கரண்டை இழுத்ததும் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயன்று பார்க்கிறது, மறுபடி அணைகிறது. டிக் டிக் என்பது அதன் புலம்பல். சொன்னால் கேட்கிற ஆளா? சின்னப் பெட்டி மாதிரி இருக்கும் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தேடி எடுத்து வைத்தான். அதற்குள்ளேயே ஒன்றிரண்டு ஓம் தடை இருக்கிறது, மோட்டாருக்கு எங்கே மிச்சம் வைக்கும்? அரைச் சுற்று சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. அடுத்து 19 வோல்ட் சார்ஜரைத் தூக்கினான். "65 வாட்டுக்கா!" வாட் இருக்கட்டும்டா, வோல்ட்டைப் பார். முதலில் ரொம்ப வேகமாக ஓடும், அப்புறம் ஓடவே ஓடாது. பிடுங்கி வைத்தேன்.

இதற்குள் பெரியப்பாவுக்கு போன் போய்விட்டது. அவர் கருத்துச் சொல்லாத துறை எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "ஆம்பியர் ஜாஸ்தி உள்ளதைப் போட்டீங்கன்னா மோட்டார் புகைஞ்சிடும், ஒண்ணுக்கு மேல போகாதீங்க" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் மறுக்கவும் முடியவில்லை.

வோல்ட், தடை எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து நானே உட்கார்ந்தேன். அதன் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4 ஓம் காட்டியது, அது மீட்டர் வயரின் தடை. மோட்டார் காலில் வைத்தால் 2.8. கழித்தால் 2.4 ஓம். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் கரண்ட்: 12-ஐ 2.4-ஆல் வகுத்தால் 5. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் வெறும் செம்புக் கம்பிதான், கிளம்புகிற கணத்தில் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் கேட்கும். சுற்ற ஆரம்பித்ததும் அதுவே எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கிக்கொள்ளும், இழுவை அரை ஆம்பியருக்கு இறங்கிவிடும். அதாவது இந்த மோட்டாருக்கு வழி முழுக்க வேண்டியது கொஞ்சம்தான், எழுந்து நிற்கத்தான் நிறைய வேண்டும். (ஸ்கிரீன் யாருக்காக என்று யோசித்தால் இதில் ஒரு குடும்ப ஜாடை தெரிகிறது.)

ஆக 12 வோல்ட், 5 ஆம்பியருக்குக் குறையாமல். பெரியப்பா சொன்ன புகை? அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதனால் கொடுக்க முடிந்த அளவு, வலுக்கட்டாயமாகப் புகட்டும் அளவு இல்லை. இதைத் தம்பிக்கு எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏறவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாதான் முடித்துவைத்தார்: "ஆறு நிறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான்டா குடிக்கும்." மின்னியல் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் நடத்தியதில்லை.

பரணில் பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், அதாவது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி இருந்தது. பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே உயிர் வந்துவிடும். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்று ஸ்டிக்கரிலேயே போட்டிருந்தது. மஞ்சளையும் கறுப்பையும் மோட்டாருக்குக் கொடுத்தான். டிக்கும் இல்லை, டொக்கும் இல்லை. ஸ்கிரீன் ராஜநடையில் நகர்ந்தது. அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுப் பார்த்தார். தம்பி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஸ்கிரீன் கடைசி வரை போய்விட்டது. மோட்டாருக்கு அது எப்படித் தெரியும்? இவன் நிறுத்துவதற்கு எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை, கையில் இருந்ததும் பட்டன் இல்லை, போன். முதலில் கொடுத்த அடாப்டராக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கையை விரித்திருக்கும். இதற்குத்தான் 10 ஆம்பியர் வரை கொடுக்கத் தெரியுமே, கேட்டதையெல்லாம் கொடுத்தது. கயிறு விறைத்தது, ஒரு முனகல், அப்புறம் சுவரில் இருந்த கிளாம்ப் இரண்டும் ஸ்குருவோடு பிடுங்கிக்கொண்டு, ஸ்கிரீன், கம்பி, காரைத்தூள் எல்லாம் சோபா மேல். வீடியோ மட்டும் ரொம்பத் தெளிவாக வந்திருக்கிறது.

தம்பிக்கு லீவு முடிந்துவிட்டது. இன்று காலையில் போன். "ரெண்டு முனையிலயும் ஸ்கிரீன் வந்து முட்டினா கரண்டை நிறுத்துற லிமிட் சுவிட்ச் வச்சிரு, 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் ஒண்ணு போட்டிரு, அவ்வளவுதான்க்கா." அவ்வளவுதானாம். கிளம்பும்போது 5 ஆம்பியர் இழுக்கும், ஆனால் ஒரு கணம்தான், அதை ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும், முட்டி நின்றால்தான் எரியும் என்று எனக்கே பாடம் வேறு. நான் சொன்னதைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்கிறான்.

அப்பாவிடம் கம்பியை மாட்ட ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? இப்பதான் எழுந்து போகாமலே வெளிச்சம் வருது" என்கிறார். வருகிறதுதான். பத்து மணிக்கு மேல் நேராக என் லேப்டாப் திரையில்.