கத்திரி வெயிலில் ஒரு தண்டர்பேர்ட்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. ஏப்ரல் பிறந்துவிட்டால், பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவு பத்து மணி வரைக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். ஏழு ஆண்டுகளாக நான் சேர்த்த, கணினியின் மூளையாக வேலை செய்யும் 63 பழைய பிராசசர் சிப்புகளும் அந்த அறையில்தான் இருக்கின்றன. அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்துப் பார்ப்பதோடு என் மனம் நிறைவதில்லை. ஒவ்வொன்றும் அதன் காலத்து மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை) ஏறி, ஒரு முறையாவது முழு வேகத்தில் ஓட வேண்டும் என்பதே என் ஆசை. இந்தக் கோடையில் இரண்டை ஓட்டிப் பார்த்தேன்: 1993இல் வந்த இன்டெல் பென்டியம் 66, 2000இல் வந்த ஏ.எம்.டி. தண்டர்பேர்ட் 1 கிகாஹெர்ட்ஸ்.

இவை சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவின் கடைகளில் இப்போது அகப்படுவதில்லை. பழைய போர்டுகள் எடைக்குப் போகும் காயலான் கடைகளில்தான் தேட வேண்டும். அங்கும் சிப்புகளிலிருந்து தங்கம் பிரிப்பவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. "செராமிக் சிப்புன்னா தனி ரேட் சார், கிலோ கணக்குதான்" என்றார், எனக்குப் பழக்கமான கடைக்காரர். 1995இல் வந்த பென்டியம் புரோவில் தங்கம் அதிகம் என்பதால், அது என் கண்ணில் படுவதற்கு முன்பே அமிலத்துக்குப் போய்விடுகிறது. எடை போடும் முன் ஒரு போன் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தவறாமல் செய்கிறார். இரண்டு தண்டர்பேர்டுகளும் அப்படித்தான் கைக்கு வந்தன.

முதலில் பென்டியம் 66. இதற்கு முந்தைய 386 சிப்புகள், சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இல்லாமலே ஓடியவை. விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும், அவ்வளவுதான். பென்டியம் 66 ஐந்து வோல்ட்டில் ஓடி, 16 வாட் வரை வெப்பத்தை வெளிவிடும். அதன் தலையில் இருந்த சிறிய மின்விசிறி, எண்ணெய் உலர்ந்து இறுகிப் போயிருந்தது. அதைச் சுற்றவிடாமலே பத்து நிமிடம் சோதித்தபோது, அறை 36 டிகிரியில் இருக்க, ஹீட்சிங்கின் அடிப்பகுதி 78 டிகிரியைத் தொட்டது, உடனே நிறுத்திவிட்டேன். பிறகு விசிறியின் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, உள்ளிருந்த கருத்த பிசினை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். முதலில் தயங்கித் தயங்கி அசைந்த விசிறி, அரை நிமிடத்தில் சீராகச் சுழன்றது. அளவு 57 டிகிரியில் நின்றது.

அந்தச் சூட்டிலேயே ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் 3.1 கால்குலேட்டரில் 4195835ஐ 3145727ஆல் வகுத்து, வந்த விடையை அதே 3145727ஆல் பெருக்கி, 4195835இலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். எனக்கு 256 வந்தது. 1994இல் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி வெளிக்கொணர்ந்த வகுத்தல் பிழை அது. அந்த ஆண்டு டிசம்பரில் பிழையுள்ள சிப்புகளை மாற்றித் தர இன்டெல் முன்வந்தது. யாரோ மாற்றாமல் வைத்திருந்த ஒன்று இத்தனை காலம் கடந்து என் மேசைக்கு வந்திருக்கிறது. அந்த 256ஐக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

தண்டர்பேர்டின் கதை வேறு. பென்டியம் 66இன் 16 வாட், 294 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானில் பரவுகிறது. தண்டர்பேர்டின் 54 வாட், வெறும் 120 சதுர மில்லிமீட்டரில் குவிகிறது. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எட்டு மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். மேலே மூடும் உலோகத் தகடும் இல்லை. சிலிக்கான் வெளியில் தெரிய, நான்கு மூலைகளிலும் சிறிய ரப்பர் மெத்தைகள் மட்டுமே உள்ளன. சூடு மிஞ்சினால் தானே நின்றுகொள்ளும் ஏற்பாடும் அதில் கிடையாது.

முதல் தண்டர்பேர்டை நான்தான் கொன்றேன். ஹீட்சிங்க் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்டும்போது ஒரு பக்கம் சற்றே சாய்ந்துவிட்டது. காய்ந்த வேப்பிலை நொறுங்குவதைப் போன்ற மெல்லிய ஒலிதான் கேட்டது. கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், சிலிக்கானின் ஒரு மூலை அரிசிக் குருணை அளவுக்கு உதிர்ந்து, உடைந்த இடம் கண்ணாடிபோல் மின்னியது. சிப் அதன்பின் எழவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தப்பிப் பிழைத்த ஒரு பொருள் என் கையில் முடிந்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

இரண்டாவதை அவசரப்படாமல் மாட்டினேன். ஹீட்சிங்கை இரு கைகளாலும் மட்டமாகப் பிடித்துக்கொண்டேன். கிளிப்பைத் தம்பி அழுத்தினான். முதல் நாள், சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்டை வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிட்டதால், முழுச் சுமையில் 71 டிகிரி வந்தது. சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிலிக்கானின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசியபோது 66 ஆனது. அடிப்பகுதி செம்பாலான ஹீட்சிங்க்கையும் 80 மில்லிமீட்டர் விசிறியையும் பொருத்திய பிறகு 55 ஆயிற்று. இந்த அளவுகள் சிப் பொருந்தும் சாக்கெட்டுக்கு அடியில் உள்ள சென்சார் காட்டுபவை; சிலிக்கானின் உண்மையான சூடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதால், 90 டிகிரி என்ற அதன் எல்லையிலிருந்து நான் எப்போதும் தள்ளியே நிற்கிறேன். விசிறியின் காற்று கீழ்நோக்கி வீசும்படி வைத்தது இன்னொரு விதத்திலும் பயன்பட்டது: சாக்கெட்டைச் சுற்றியுள்ள, மின்சாரத்தைச் சேர்த்துச் சீராக்கும் கெப்பாசிட்டர்களின் மீதும் காற்று பட்டது. அந்தக் காலத்துப் போர்டுகளில் பலவும் மண்டை உப்பிய கெப்பாசிட்டர்களால்தான் சாகின்றன. பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

இன்னும் குளிர்விக்கலாமே என்று மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பொருத்தாமலே எடுத்து வைத்துவிட்டேன். கோடையில் சென்னைக் காற்றின் ஈரம், ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் அதன்மேல் துளியாகப் படிந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் பார்த்தாலே போதும். அந்த அளவுக்குக் கீழே கொண்டுபோகும் எந்த முறையும் இந்த ஊரில் பின்களின் நடுவே தண்ணீரைத்தான் கொண்டுவரும். நமக்கு வேண்டியது குளிர் அல்ல, ஓடும் காற்று. சீலிங் ஃபேனை நிறுத்தினால் மூன்று டிகிரி ஏறுவதை நானே பலமுறை குறித்து வைத்திருக்கிறேன்.

சேமிப்பிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்த டப்பாவை ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்கிறேன். இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல் சிப்பும் மங்கும். சிப்புகளைக் குத்தி வைக்கும் பழைய பஞ்சுத் தகடுகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பின்களை அரிப்பதால், அவற்றை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிய கருப்புத் தகடுகளில் குத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்தாயிற்று. ஐப்பசி மழைக்கு முன் பொட்டலங்களை மாற்ற வேண்டும்.

இதை எழுதும்போது மணி இரவு ஒன்பதரை. அறை 34 டிகிரியில் இருக்கிறது; தண்டர்பேர்ட் நான்காவது மணி நேரமாக முழுச் சுமையில் ஓடுகிறது; சென்சார் 53 காட்டுகிறது.