அந்த நம்பர் என்னுடையது இல்லை

பிப்ரவரி 2025 கடைசியில் 'நோ டியூஸ்' படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டி உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் பதினாறு வருஷம். மார்ச் 31 கடைசி நாள். திருப்பித் தர வேண்டியவை: பை, ஐடி கார்டு, போன், சிம்.

"சிம்முமா?"

"கம்பெனி பேர்ல இருக்கு சார்."

நம்பரை என் பெயருக்கு மாற்றித் தரக் கடிதம் கேட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள், தர முடியாது என்றார்கள். முதலாளி இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று ராத்திரி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், அந்த நம்பர் எங்கெல்லாம் கொடுத்திருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன். ஆதார், இரண்டு பேங்க், பான், பி.எஃப்., காஸ், ஈ.பி., ஃபாஸ்டேக், பெண்ணின் காலேஜ்... இரண்டாவது தாள் தேவைப்பட்டது. இந்த வயதில் முதல்முறையாக எனக்கென்று ஒரு போனும் நம்பரும் வாங்கப் போகிறேன். மாடலைப் பார்க்கப் போவதற்கு முன்னாடியே வயிறு கலங்கிவிட்டது.

முதல் வேலை எந்த நெட்வொர்க் என்பது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு தரைத்தளம், முன்னால் இரண்டு கட்டிடம் மறைத்து நிற்கும். ஆபீஸ் சிம்முக்கு வீட்டுக்குள் உயிரே இருக்காது. பதினாறு வருஷமும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். "உங்க வியாபாரம் தெருவுக்கே தெரியும்" என்பாள் மனைவி. புது கனெக்‌ஷன் வாங்கினால் 90 நாளுக்கு அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற, அதாவது போர்ட் பண்ண, முடியாது. அதனால் வாங்கும் முன்பே சோதித்துவிட முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவரையும் சும்மா விடவில்லை. பெண்ணிடம் ஒரு கம்பெனி, தண்ணீர் கேன் போடும் தம்பியிடம் இன்னொன்று, மச்சினரிடம் பி.எஸ்.என்.எல். ஒவ்வொரு போனையும் வாங்கிச் சமையலறையில், உள் ரூமில், பின்கட்டில் நின்று பார்த்தேன். திரையில் நிற்கும் கோடுகளை நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். மைனஸ் 85 என்றால் ராஜா. மைனஸ் 110ஐத் தாண்டினால் வாசல் கேட்தான். எங்கள் சமையலறையில் ஒன்று மைனஸ் 118 காட்டியது, இன்னொன்று 96. குறைந்த அலைவரிசை சுவரைத் துளைத்து உள்ளே வரும், உயர்ந்தது வேகம் தரும், ஆனால் கான்கிரீட்டில் முட்டி நின்றுவிடும். தெருமுனையில் டவர் இருந்தும் உள் ரூமில் ஒன்றும் வராததற்கு அதுதான் காரணம். 96 வந்த கம்பெனியை எடுத்தேன். கடையில் சிம் கேட்டபோது ஆதாரும் விரல் ரேகையும் வாங்கி, கண்ணை இமைக்கச் சொல்லி ஒரு படம் பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இரட்டை சிம் போனாக இருக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் கரண்ட் போய், டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்ததைப் பார்த்தவன். ஒரு கம்பெனி செத்தாலும் இன்னொன்று கொஞ்சம் மூச்சு விடும்.

போனுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். எங்கள் கம்பெனியிலிருந்து அண்ணா சாலையைக் கடந்தால் நடை தூரம். இத்தனை வருஷமாக மதியம் டீ குடிக்கப் போன இடம். வாங்குகிறவனாகப் போனால் அது வேறு ஊர்.

"சார், கேமரா நூத்தியெட்டு மெகா பிக்சல் சார்!"

"தம்பி, இதுல என்னென்ன பேண்ட் இருக்கு?"

கையில் கட்டுகிற பேண்டைக் கேட்கிறேனோ என்று பார்த்தான். நான் கேட்டது அலைவரிசைப் பட்டியல். என் நெட்வொர்க்கின் அலைவரிசைகளை வாங்கத் தெரியாத போன் எத்தனை மெகா பிக்சல் வைத்திருந்து என்ன? பட்டியல் தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் இருக்கும், கடையில் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் தருவார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். பத்தாயிரத்துச் சொச்ச போன்களில் இதைத்தான் பெரும்பாலும் சத்தமில்லாமல் குறைப்பார்கள்.

பில் வேண்டாமென்றால் தொள்ளாயிரம் குறைத்துத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். மனசு சபலப்பட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் வாரண்டிக்குப் பில் வேண்டும். போன் தொலைந்து, போலீஸ் புகாரோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, முடக்கப் போனாலும் அதைக் கேட்பார்கள். வேறு கடையில் 14,499க்குப் பில்லோடு வாங்கினேன். பெட்டி திறந்ததும் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி, வந்த எண்ணைப் பெட்டி மேல் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று பதில் வரும். வந்தது. 'நோ காஸ்ட் இஎம்ஐ' வேண்டுமா என்றார்கள். வட்டியைத் தள்ளுபடியாகத் திருப்பித் தருவார்கள், அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில். மொத்தமாகவே கொடுத்துவிட்டேன்.

ரீசார்ஜ் எனக்குப் புது உலகம், அதுவரை ஆபீஸ் கட்டியது. மாதம் என்று எல்லாரும் சொல்வது 28 நாள். ஆக, வருஷத்துக்குப் பதிமூன்று மாதம்! முப்பது நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இலேயே சொல்லியாயிற்று, ஆனால் கவுன்டரில் தானாக அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. போஸ்ட்பெய்டு பலகையில் 449 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 530, ஏனென்றால் ஜிஎஸ்டி தனி. பிரீபெய்டில் சொன்ன விலைதான் விலை.

பெண் என் பழைய போனைத் திறந்து டேட்டா கணக்கு எடுத்தாள். வீட்டில் வைஃபை, வெளியில் மாதம் 6 ஜிபி. தினம் 2 ஜிபி பிளான் எடுத்தால்தான் அளவில்லாத 5ஜி என்றார்கள். தினம் 1.5 ஜிபி, 84 நாள் எடுத்தேன். "5ஜி போன் வாங்கி 4ஜி ரீசார்ஜ் பண்ற ஒரே ஆள் நீங்கதாம்ப்பா." இருக்கட்டும். அந்தச் சாக்கில் அம்மாவின் பட்டன் போனுக்கும் டேட்டா இல்லாத, பேச மட்டுமான பேக் போட்டேன். டிசம்பர் 2024இல் டிராய் உத்தரவிட்டதால் வந்தது. அதற்கு முன்பு அம்மா, பார்க்காத யூடியூபுக்கு வருஷக்கணக்கில் காசு கட்டினாள்.

நம்பர் மாற்றும் வேலைதான் மார்ச் முழுவதையும் தின்றது. ஒழுங்கு முக்கியம்: ஆதார் முதலில். மற்ற பல இடங்களில் ஆதார் ஓடிபி கேட்பார்கள், அது பழைய நம்பருக்குப் போனால் சுற்றிச் சுற்றி அதே இடம். தபால் ஆபீஸில் காலை எட்டு மணிக்கு வரிசை, அப்போது ஐம்பது ரூபாய். உதிரிபாகம் தொட்டே என் விரல் ரேகை தேய்ந்திருந்தது, நாலாவது தடவை எடுத்தது. பிறகு பி.எஃப்., பேங்க். வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்று ஒன்று இருக்கிறது, அதைப் பழைய சிம் கையில் இருக்கும்போதே செய்துவிட்டேன். குரூப் எல்லாம் அப்படியே கூட வந்தது.

மார்ச் 31 அன்று சால்வை வாங்கிக்கொண்டு சிம்மைக் கழற்றிக் கொடுத்தேன். காலண்டர் தாளில் எல்லாம் அடித்தாயிற்று என்று நினைப்பு.

ஏப்ரல் நடுவில் காஸ்காரர் சிலிண்டரை இறக்கிவிட்டு, "கோடு நம்பர் சொல்லுங்க சார்" என்றார். பதிவு செய்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் டெலிவரி எண் அது. புது போனைப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. தாளைத் தேடி எடுத்தால், காஸ் என்ற வரி அடிக்கப்படாமல் நிற்கிறது. வேறு வழியில்லாமல், பதினாறு வருஷம் என்னுடையதாக இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். ஒரு பையன் எடுத்து, கம்பெனி பேரைச் சொல்லி வணக்கம் வைத்தான். நான் யாரென்று சொன்னதும் கோடு நம்பரைப் படித்துச் சொன்னான்.

"சார், உங்களைக் கேட்டு தினம் நாலு பேர் கூப்பிடறாங்க. என்ன சொல்லட்டும்?"

"புது நம்பர் சொல்றேன், எழுதிக்கோப்பா" என்றேன், சிலிண்டர் பக்கத்தில் நின்றபடியே. மனைவி வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.