முதலில் மண்ணைப் பிசைந்தேன்

பதினொரு ஆண்டுகளாக வீடுகளுக்கு வரைபடம் போட்டு வருகிறேன். சூளைச் செங்கல், கான்கிரீட் கூரை, வீட்டுக்காரர் கேட்டால் மொட்டைமாடியில் சோலார் தகடு. பசுமைக் கட்டடம் என்றால் அவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன். மண்ணால் வீடு கட்டக் கற்றுத்தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, கையில் எடுத்தது செம்மண்.

ஈர மண்ணை உருட்டி, மார்பளவு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 சதவீதம் என்ற அளவையொட்டி மண் அமைந்தால், 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கிவிடலாம். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். 28 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பி, விழுப்புரத்துக்கு அருகே ஒரு வீட்டுக்கு முதன்முதலாக இந்த மண்கல்லைத் தயாரித்தேன். பாதிக்கு மேல் வெடித்துவிட்டது. அதன் பிறகுதான் அந்த மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தேன். அடியில் மணல், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே தடித்த களிமண் படிவு. கல் வெடித்ததற்குக் காரணம் அதுதான். தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை. அவசரப்பட்டது என் தவறு. வீணான சிமென்டுக்கு நானே பணம் கொடுத்தேன். மணல் சேர்த்த பிறகு கல் ஓரம் உடையாமல் வந்தது.

வெயிலைப் படித்ததும் அதே மனையில்தான். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் படாது என்றே எண்ணியிருந்தேன். மே மாதம் ஒரு குச்சியை நட்டு வைத்தேன். உச்சி வேளையில் நிழல் தெற்கே விழுந்தது! ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி வரை நம் பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. அன்று இரவே வரைபடத்தைத் திருத்தி, வடக்கு ஜன்னல்களுக்கும் சன்ஷேட் சேர்த்தேன். மேற்கில் இருந்த படுக்கையறையைக் கிழக்கே மாற்றி, அந்த இடத்தில் மாடிப்படியையும் குளியலறையையும் வைத்தேன். மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். மின்விசிறியோடு தூங்க முடிகிற ஓர் அறையை அந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

சுவர்கள் இப்போது லிண்டல் மட்டம் வரை, அதாவது கதவு, ஜன்னல்களின் மேல்விளிம்பு வரை, எழும்பியிருக்கின்றன. கல்லுக்காக மண் தோண்டிய குழியை மூடவில்லை. மழைக்காலத்துக்கு முன் அதை மழைநீர்த் தொட்டியாகக் கட்டி முடிக்க வேண்டும்.